அறியாததைத் தேடக் கொடுக்கும் பொருள்

ஒருவன் தன் வயலில் விளைந்த நெல்லை விற்றுப் பொருள் பெறும்போதும், செய்த வேலைக்குக் கூலி பெறும்போதும், கற்ற கல்வியை மாணாக்கருக்குக் கற்பித்துச் சம்பளம் பெறும்போதும், கொடுப்பது இன்னது, கொள்வது இன்னது என்பது இரு திறத்தாருக்கும் தெளிவாகத் தெரிந்திருப்பதால், அங்கே தர்மத்தைப் பற்றிய சந்தேகம் எழுவதற்கு அதிக இடம் இல்லை. அளவு குறைந்தால் குற்றம், தரம் தாழ்ந்தால் குற்றம், காலம் தவறினால் குற்றம் என்று எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால், இதுவரை எவருக்கும் தெரியாத ஒன்றைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி ஒருவன் பொருள் பெறுவானாகில், அவன் செய்ய வேண்டிய கைம்மாறு யாது? தேடியது அகப்படுமா என்பது அவனுக்கே தெரியாது. அகப்படும் என்று வாக்களித்தால் அது அறியாததை அறிந்ததாகச் சொல்லும் பொய். அகப்படாமலும் போகலாம் என்று உள்ளதைச் சொன்னால், பொருள் கொடுப்பவர் கையை மடக்கிக்கொள்ளக்கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறவனுடைய கடமை எது, அவனுக்குக் கொடுக்கிறவருடைய கடமை எது என்று ஆராய்வது, கணக்கரும் நிர்வாகிகளும் மட்டுமே தீர்க்கத்தக்க காரியம் என்று நான் கருதவில்லை. நம் சாஸ்திரங்கள் தானம் என்றும், கர்மபலன் என்றும், கைங்கரியம் என்றும் எவற்றைப் பற்றி நெடுங்காலம் சிந்தித்தனவோ, அவையே இங்கும் வந்து நிற்கின்றன.

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை ஒட்டிய கரையான்சாவடியில், கல்லூரிக்குப் புறப்படும் காலை நேரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு இது ஏட்டுச் சர்ச்சையாகத் தோன்றாது. மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய தூண்களின் கீழே, ஆள் கூப்பிடும் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில், கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று மாணாக்கரோடு ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக ஏறுகிற அவ்வாசிரியர்களில், முனைவர் பட்டம் வாங்கிச் சில ஆண்டுகளே ஆன இளைஞர்களும் இருக்கிறார்கள். போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர். நிறுவனம், வேலப்பன்சாவடியிலும் தண்டலத்திலும் சவீதா என்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், அவற்றுக்கு இடையிடையே பொறியியற் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் நெருங்கி நிற்கும் இந்தப் பிரதேசத்தில், பாடம் சொல்வதோடு ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்ற கடமை இன்று ஆசிரியர்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. அதற்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வரும் என்பது ஒரு கேள்வி. எந்த மனோபாவத்தோடு அது கொடுக்கப்படும், எந்த மனோபாவத்தோடு கொள்ளப்படும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

வெளியிலிருந்து வரும் பெருநிதிகள் நாட்டில் இல்லாமல் இல்லை. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவதென்று திட்டமிடப்பட்டது. ஆயினும், வெளிநிதி வழங்குவோர் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, இதுவரை நீ என்ன செய்திருக்கிறாய் என்பதே. இதுவரை எதையும் செய்வதற்கு வசதி கிடைக்காத ஒருவன் அதற்கு என்ன விடை சொல்வான்? அந்த இடைவெளியை நிரப்புவதற்காகத்தான், ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொருளிலிருந்து தன் ஆசிரியர்களுக்கே சிறுதொகை கொடுக்கும் ஏற்பாடு உண்டாயிற்று. ஆசிரியர்கள் இதைச் ‘சீட் மணி’ என்று சொல்லுகிறார்கள். கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி. புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு இத்தகைய தொடக்க நிதியைத் தனித் திட்டமாகவே வைத்திருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பும், பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களுக்கு இவ்வகையில் எத்தனை இலட்சம் கொடுத்தது என்பதை மதிப்பெண்ணுக்குரிய ஒரு வினாவாகவே கேட்டு வந்திருக்கிறது.

இது நடைபெறும் முறையைச் சற்று அருகிருந்து நோக்குவோம். ஆசிரியர் ஒரு புரபோசல் எழுதுகிறார், துறைத்தலைவர் கையொப்பமிடுகிறார், ஆராய்ச்சிக் குழுவின் முன் சில நிமிஷம் பேச வாய்ப்புக் கிடைக்கிறது, தொகை அனுமதியாகி முதல் தவணை வருகிறது, மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கிப் பொருள்களை வரவழைத்து, மார்ச்சு 31-க்குள் செலவை முடித்து, பில்களைச் சேர்த்து, யூசி என்னும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். இவை யாவும் பொதுப்பணத்துக்குரிய ஒழுங்குகள்; இவற்றில் குறை காண்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விண்ணப்பத் தாளில், நோக்கம், முறை, செலவு என்பவற்றுக்குப் பின், எதிர்பார்க்கும் பலன் என்று ஒரு பத்தி இருக்கிறது. ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள பத்திரிகையில் இத்தனை கட்டுரை, இத்தனை காப்புரிமை, இன்ன மாதத்துக்குள் என்று அதில் எழுத வேண்டும். இன்னும் பரிசோதனைச் சாலையின் கதவையே திறக்காத மனிதன், உள்ளே என்ன இருக்கும் என்பதை எண்ணிக்கையிட்டு எழுதிக் கையொப்பம் இடுகிறான். நான் இக்கட்டுரையில் விசாரிக்க முற்படுவது முழுவதும் அந்த ஒரு பத்தியைப் பற்றியதுதான்.

பிருகதாரணியக உபநிஷதத்தில், ஜனக மன்னன் ஒவ்வோர் உபதேசத்தின் முடிவிலும் ஆயிரம் பசுக்களைக் கொடுக்க முன்வரும்போதெல்லாம், யாக்ஞவல்கியர் அதை ஏற்க மறுத்து, முழுதும் கற்பிக்காமல் ஒன்றையும் பெறலாகாது என்பது தம் தந்தையின் கொள்கை என்று சொல்லுகிறார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த பிறகே கொள்ள வேண்டும் என்ற இந்த நேர்மை, ஆசிரியத் தொழிலுக்கு என்றைக்கும் ஒரு கட்டளைக்கல். இதை அப்படியே நம் காரியத்துக்கு வைத்துப் பார்த்தால், கண்டுபிடிப்பதற்கு முன்பே பொருள் பெறும் ஆராய்ச்சியாளன் அறத்துக்குப் புறம்பானவன் என்றல்லவா ஆகும்? அப்படி ஆகாது என்பதற்குக் காரணம் உண்டு. யாக்ஞவல்கியர் கொடுக்க இருந்தது அவரிடம் ஏற்கனவே இருந்த ஞானம். இருப்பதைக் கொடுக்கு முன் விலை கேட்பது தகாது. ஆராய்ச்சியாளனிடம் இருப்பதோ, ஒரு கேள்வியும் அதைத் தொடர்ந்து செல்லும் பயிற்சியும் மட்டுமே. அவனுக்கு முன்னதாகக் கொடுக்கப்படுவது விடைக்குரிய விலையாக இருக்க முடியாது. இல்லாத பொருளுக்கு விலை இல்லை. ஆகவே அது விலையும் அன்று, கூலியும் அன்று என்றால், தானம் என்னும் வகையிலேதான் அதை வைத்து எண்ண வேண்டும்.

தானத்தைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் மூன்று வகையாகப் பிரிக்கிறது. திருப்பிச் செய்ய இயலாதவனுக்கு, கொடுப்பது கடமை என்ற எண்ணத்தோடு, தகுந்த இடமும் காலமும் பாத்திரமும் அறிந்து கொடுப்பது சாத்துவிகம். பிரதிபலனைக் கருதியோ, மனம் வருந்தியோ கொடுப்பது ராஜசம். இடமும் காலமும் தவறி, தகாதவனுக்கு, மரியாதையின்றி அலட்சியமாகக் கொடுப்பது தாமசம். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு கல்லூரிகளின் வழக்கங்களைப் பார்த்தால் எல்லாம் துலங்குகிறது. தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்பதற்காக, அந்த ஆண்டுக் கணக்கில் காட்டுவதற்கென்று கொடுக்கும் நிதி ராஜசத்தைச் சேர்ந்தது. பல மாதங்கள் கோப்பிலே கிடந்து, நிதியாண்டு முடிய மூன்று வாரம் இருக்கையில் கைக்கு வந்து, தேவையோ தேவையில்லையோ கண்ணாடிப் பாத்திரங்களையும் ரசாயனங்களையும் வாங்கி அலமாரியில் அடுக்கச் செய்யும் நிதி தாமசத்தைச் சேர்ந்தது. கேள்வியின் தகுதியை மட்டும் நோக்கி, இளையவன், சிபாரிசு இல்லாதவன் என்று பாராமல், வேலை தொடங்கும் வேளையில் வந்து சேரும் தொகை, ஐம்பதாயிரம் ரூபாயே ஆனாலும், சாத்துவிக தானம். தொகையின் பெருமையும் சிறுமையும் இந்தத் தராதரத்தில் ஒரு பொருட்டாகவே இல்லை.

இந்த விசாரத்துக்குக் கரையான்சாவடிக்கு மிக அருகிலேயே ஒரு பெரிய திருஷ்டாந்தம் இருக்கிறது. பூவிருந்தவல்லியிலே வணிகர் குலத்தில் அவதரித்தவர் திருக்கச்சி நம்பிகள். பூந்தோட்டம் வைத்து, மலர் பறித்து, காஞ்சிபுரம் வரை நடந்து சென்று வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தியும், சந்நிதியில் நின்று திருவாலவட்டம் வீசியும் கைங்கரியம் புரிந்தவர் அவர். விசிறி வீசும்போது பெருமாள் அவரோடு நேரிற் பேசுவார் என்பது வைணவர் வழங்கும் வரலாறு. ஒருநாள் நம்பிகள், தமக்கு மோட்சம் உண்டோ என்று கேட்க, நீர் வீசினீர், நாம் பேசினோம், அந்த வகையில் இருவர் கணக்கும் சரியாயிற்று; மோட்சம் வேண்டுமானால் அடியார் ஒருவரின் அபிமானத்தால்தான் பெற வேண்டும் என்ற கருத்துப்பட விடை வந்ததாம். பிறகு அவர் அந்த அபிமானத்தை நாடித் திருக்கோட்டியூர் நம்பிகள் என்னும் ஆசாரியரிடம், தாம் யார் என்று காட்டிக்கொள்ளாமல் பணியாளாகச் சேர்ந்து மாடு மேய்த்தார் என்றும் சொல்லுவார்கள்.

ஆசாரியனுடைய அருளின்றி வீடுபேறு இல்லை என்பதை விளக்கவே பெரியோர் இவ்வரலாற்றைச் சொல்லிவந்தார்கள். எனினும் அதற்குள்ளே மற்றோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. கொடுத்ததற்கும் கொண்டதற்கும் சரிபார்த்து முடித்துவிட்ட இடத்தில், மேலே எதுவும் மிச்சமாக நிற்பதில்லை. இறைவனோடு செய்தாலும் பண்டமாற்று பண்டமாற்றே; அதனால் பெறத்தக்கவை சில உண்டு, பெறத்தகாதவையும் உண்டு. மிகப் பெரிய பேறுகள் எல்லாம், அளவிட்டு மாற்றிக்கொள்ளும் எல்லையைத் தாண்டியே நம்மை வந்து அடைகின்றன. ஒரு தொகைக்கு இரண்டு கட்டுரை என்று பேசி முடித்துக்கொண்ட கல்லூரிக்கு அந்த இரண்டு கட்டுரைகள் கிடைத்துவிடும், அதில் ஐயமில்லை. கணக்கு அத்தோடு சரியாகிவிடும். அதற்கு அப்பால் ஓர் உண்மை வெளிப்பட்டிருக்கக்கூடும் என்றால், அது வருவதற்கு வழி வைக்கப்படவில்லை.

நம்பிகளின் வாழ்க்கையில் இன்னொரு பகுதியும் இங்கு நினைக்கத்தக்கது. பூவிருந்தவல்லியிலிருந்து அதே சாலையில் மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுஜர், தம் மனத்தை அலைத்த சந்தேகங்களைப் பெருமாளிடம் விண்ணப்பித்து விடை பெற்றுத் தருமாறு நம்பிகளையே வேண்டினார். விடைகள் ஆறு வார்த்தைகளாகக் கிடைத்தன. வைணவ சித்தாந்தத்தின் போக்கையே அவை உறுதிசெய்தன. கேள்வி ஒருவருடையது, விடைக்காகச் சந்நிதியில் நின்ற சிரமம் மற்றொருவருடையது, பயனோ உலகத்தாருடையது. இடையிலே நின்ற நம்பிகள் தமக்கென்று எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு கல்வி நிறுவனம் தன் ஆசிரியனுடைய கேள்விக்காகப் பொருள் செலவிடும்போது, அந்த நிறுவனத்துக்கு உரிய ஸ்தானமும் ஏறக்குறைய இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. இந்தப் புறநகர்க் கல்லூரிகளில் செலவாகும் பணத்தின் பெரும்பகுதி மாணாக்கர் கட்டும் கட்டணம். நகையை அடகு வைத்தும், வங்கியில் கடன் வாங்கியும், மகளையோ மகனையோ படிக்க அனுப்பிய தாய் தந்தையரின் உழைப்பு அது. அப்படி வந்த பொருளை, பலன் வருமா என்று தெரியாத ஒரு தேடலுக்குக் கொடுப்பது தர்மமா? தன் சொந்தப் பொருளைக் கொடுப்பவன் பலன் கருதாமல் கொடுக்கலாம். பிறர் பொருளுக்குத் தர்மகர்த்தாவாக இருப்பவன் அவ்வாறு கொடுக்கலாமா? இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்களின் நெஞ்சில் ஈரம் இருக்கிறது. ஆகையால் விடையும் பொறுப்போடு அமைய வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்ற ஊரிலுள்ள முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்விச்சாலையைப் பற்றியும், அதன்பொருட்டு ஒதுக்கிய 45 வேலி நிலத்தைப் பற்றியும் கூறுகிறது. திருவொற்றியூர்க் கோயிலில் பாணினியின் இலக்கணத்தைக் கற்பிக்கவும் விளக்கவும் வியாகரணதான வியாக்கியான மண்டபம் என்று ஒரு மண்டபமே இருந்தது. அந்த நிலங்களில் விளைந்த நெல்லும் குடிகளின் உழைப்பால் வந்ததே; அதை உண்டு இலக்கணத்துக்கு உரை கண்டவர்கள், உழவனுக்கு நேரே ஏதும் திருப்பித் தரவில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டை அநியாயம் என்று எவரும் எண்ணவில்லை. ஏனெனில், முன்னோர் அறிந்ததைப் பெற்றுக்கொண்டவன் அதைப் பேணியும் பெருக்கியும் அடுத்தவருக்குத் தர வேண்டும் என்ற ரிஷி கடன், ஊர் முழுவதற்கும் உரிய கடனாகக் கருதப்பட்டது. தான் ஒருநாளும் எதையும் தேடிப் பாராத ஆசிரியன், பிறர் தேடிக் கண்டதை எழுதிவைத்த புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறவனாகவே நின்றுவிடுவான். கட்டணம் கட்டிய மாணாக்கனுக்கு அது நஷ்டம். கேள்வி கேட்பது எப்படி, கேட்ட கேள்வியோடு பொறுமையாக இருப்பது எப்படி, தவறு என்று தெரிந்ததைக் கைவிடுவது எப்படி என்பவற்றை, அவற்றைச் செய்துகொண்டிருக்கும் ஒருவன் அருகில் இருந்துதான் கற்க முடியும். ஆகவே மாணாக்கர் பணம் ஆசிரியனுடைய தேடலுக்குச் செலவாவதில் குற்றமில்லை; அந்தத் தேடல் மாணாக்கர் கண்ணுக்கு மறைவாகவும், அவர்கள் கைபடாமலும் நடக்குமானால் குற்றம் உண்டு.

பிறர் பொருளைச் செலவிடுகிறவன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன். கணக்குக் கொடுப்பது வேறு, பலனுக்கு முன்கூட்டியே பத்திரம் எழுதிக் கொடுப்பது வேறு. இந்த வேற்றுமையைச் சென்னைப் பல்கலைக்கழகமே 1913-ஆம் ஆண்டில் செயலில் காட்டியிருக்கிறது. அப்போது ஸ்ரீநிவாச ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அதற்கு முன் சிலகாலம் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தம் கையிலிருந்து மாதந்தோறும் கொடுத்துவந்த 25 ரூபாயை நம்பி வாழ்ந்து, பிறருக்கு நெடுங்காலம் பாரமாக இருக்க மனமில்லாமலேயே அந்த வேலைக்குப் போயிருந்தார். கல்லூரிப் பட்டம் அவருக்கு இல்லை. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகைக்கோ முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. விதியைக் காட்டி மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் போன்றோர் எடுத்துரைத்ததன் பேரில், ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்பதை நினைந்து, 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள்.

அந்தத் தொகைக்கு விதித்த நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாம் செய்துவரும் வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பது. இன்ன தேற்றத்தைக் கண்டுபிடிப்பேன் என்று அவரிடம் எழுதி வாங்கவில்லை. 1913 ஆகஸ்டிலும் நவம்பரிலும், 1914 மார்ச்சிலுமாக மூன்று அறிக்கைகளை ராமானுஜன் கொடுத்தார். வரையறுத்த தொகையீடுகளைக் காண்பதற்குத் தாம் கைக்கொண்ட முறையை அவற்றில் விளக்கினார். இன்று கணித உலகம் ராமானுஜனின் தலைமைத் தேற்றம் என்று வழங்குவது அவ்வறிக்கைகளில் இருக்கிறது. செய்வதை உள்ளபடி சொல், சொல்லிக்கொண்டே இரு, எங்கே போய்ச் சேருவாய் என்று நாங்கள் கேட்கவில்லை என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உட்பொருள். கணக்கு உண்டு, பலனைப் பற்றிய பேரம் இல்லை. இதைவிடச் சாத்துவிகமான ஆராய்ச்சித் தானத்தை நம் ஊர் வரலாற்றில் நான் அறியேன்.

கொண்டவர் பக்கத்துச் சிறப்பும் குறைந்ததன்று. 1918-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி அவரைத் தன் பெல்லோவாகத் தேர்ந்து, எந்தக் கடமையும் விதியாமல் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஆறு ஆண்டுகளுக்கு அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகமும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. உடல்நலம் குன்றியிருந்த ராமானுஜன், 1919 ஜனவரியில் பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதிய கடிதத்தில், தம் பெற்றோருக்கும் தமக்கும் வேண்டியது போக எஞ்சும் தொகையை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகங்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மாணாக்கர் கட்டணத்தைப் பற்றிய நம் ஆட்சேபத்துக்கு, தானம் பெற்ற அந்த மகானுபாவரே தம் வாழ்க்கையால் விடை சொல்லியிருக்கிறார். பேரம் பேசாமல் கொடுத்த பொருள், கொண்டவன் நெஞ்சில் பேரம் பேசாத கைம்மாறாக விளைந்தது.

இனி, பலனை முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பது வெறும் தத்துவம் அன்று, நடந்த வரலாறே என்பதற்கும் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், சர் சி.வி. ராமனின் பரிந்துரையைக் கேட்டு, முப்பது வயதே ஆகும் தறுவாயில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனை 1952-இல் பௌதிகத் துறைக்குத் தலைவராகக் கொண்டுவந்தார். சென்னைக்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தீர்மானமாகவில்லை என்று பேச்சிடையே சொன்னதைப் பற்றிக்கொண்டு, அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாதிரிகள் பெற்று, கோபிநாத் கர்த்தாவோடு உழைத்து, அது மூவிழைச் சுருள் என்ற முடிவை 1954-இல் வெளியிட்டார். அந்த மாதிரியுருவில் அணுக்கள் மிதமிஞ்சி நெருங்கியிருக்கின்றன என்று கிரிக், ரிச் என்ற அறிஞர்கள் குறைகூறவே, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே அடிப்படையிலிருந்து ஆராயப் புகுந்தார். அந்த ஆராய்ச்சியின் விளைவாக, ராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் சேர்ந்து 1963-இல் வெளியிட்டதே, இன்று உலகெங்கும் புரதங்களின் அமைப்பைப் பரிசோதிப்போர் கையாளும் ராமச்சந்திரன் வரைபடம். 1952-இல் அவரிடம் ஒரு தாளை நீட்டி, எதிர்பார்க்கும் பலன் என்ன என்று கேட்டிருந்தால், இந்த வரைபடத்தை அவர் எழுதியிருக்க முடியுமா? ஒரு தற்செயலான பேச்சும், ஒரு கண்டனமும், பதினொரு ஆண்டும் சேர்ந்து விளைந்த பயன் அது. தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்த பாத்திரத்துக்குக் கொடுத்தவர் செய்ததெல்லாம், அது விளைவதற்கு இடமளித்ததே.

ஆகவே தானம் கொள்ளும் ஆசிரியனுடைய தர்மத்தை இவ்வாறு வகுத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தனக்கு உண்மையிலேயே தெரியாததையே கேள்வியாக எழுத வேண்டும். செய்து முடித்ததை ஒளித்துவைத்துச் செய்யப்போவதாக எழுதுவது, கொடுப்பவருக்குச் செய்யும் துரோகம். ஒரு கட்டுரைக்குரிய விஷயத்தை எண்ணிக்கைக்காக மூன்றாகப் பிளப்பதும், வேலையில் பங்கில்லாத மேலவரின் பெயரைச் சேர்ப்பதும், உடன் உழைத்த மாணாக்கன் பெயரை விடுவதும் பொய்யின் பல உருவங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேடியது கிடைக்காதபோது கிடைக்கவில்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். இந்த வழியில் சென்றேன், இன்ன இடத்தில் வழி அடைபட்டது என்று ஒருவன் எழுதிவைக்கும் அறிக்கை, பின்வருகிறவனுக்குப் பல மாத உழைப்பை மிச்சப்படுத்தும். கிணறு தோண்டுகிறவன் இவ்வளவு ஆழம் தோண்டினேன், இன்ன ஆழத்தில் பாறை கண்டேன் என்று உள்ளபடி சொல்வானாகில் அவன் வாங்கிய கூலி நியாயமானதே. ஊற்று அவன் ஆணைக்கு உட்பட்டதன்று. கர்மத்திலே உனக்கு அதிகாரம், பலனிலே இல்லை என்று கீதை உணர்த்தும் உண்மை, ஆராய்ச்சியாளனுக்கு ஆறுதல் மட்டும் அன்று. பலனைப் பொய்யாகப் புனைந்து காட்டாதே என்ற கட்டளையும் அதில் அடங்கியிருக்கிறது.

கொடுப்பவர் தர்மமும் அதே அளவு கடினமானது. சிரத்தையின்றிக் கொடுக்கலாகாது என்பது குருகுலம் விட்டுச் செல்லும் மாணாக்கனுக்குத் தைத்திரீய உபநிஷதம் செய்யும் உபதேசங்களில் ஒன்று. நாணத்தோடும் அச்சத்தோடும் கொடுக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. கொடுப்பவருக்கு அச்சம் எதற்கு? தகுதி உள்ளவனை விட்டுவிட்டோமோ என்ற அச்சம், நம் கொடையால் ஒருவனை நமக்கு அடிமையாக்கிவிட்டோமோ என்ற அச்சம். ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றுவோரே கொடுப்பவரும் கொள்பவருமாக இருக்கும் இந்த உள்நிதியில், இந்த அச்சம் மிகவும் வேண்டற்பாலது. வெளியிலிருந்து மறுத்தவரை மறந்துவிடலாம், நாள்தோறும் முகம் பார்க்கும் சகாவின் மறுப்பை மறக்க முடியாது. ஆகையால் மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் சொல்லுவதும், குழுவில் இருப்பவர் தம் துறைக்குரிய விண்ணப்பம் வரும்போது விலகி நிற்பதும் வெறும் சம்பிரதாயம் ஆகா; அவை அந்த அச்சத்தின் வெளியடையாளங்கள். மேலும், பொருளைக் கொடுத்துக் காலத்தைக் கொடாவிட்டால் கொடை பாதியிலே நிற்கிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேரம் நேரடி வகுப்பு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்தது. அதற்குமேல் தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, கோப்புப் பணி என்று சுமத்திவிட்டு, கையிலே ஒரு தொகையைக் கொடுத்து, ஏன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பது நியாயமாகாது. வாரத்தில் ஒரு பிற்பகலை ஒருவருக்கு முழுதும் ஒழித்துக் கொடுக்கும் கல்லூரி, சில இலட்சங்களைக் கொடுப்பதைவிடப் பெரிய தானம் செய்ததாகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நடைமுறையில் என் வேண்டுகோள் மிகச் சிறியது. விண்ணப்பத் தாளில் உள்ள அந்தப் பத்தியை மாற்றிவிட வேண்டும். எதிர்பார்க்கும் பலன் என்று இருக்கும் இடத்தில், நீ அறிய விரும்புவது யாது, அதை ஏன் அறிய வேண்டும், அறிய முடியாமற் போனால் அதிலிருந்து பிறர் என்ன தெரிந்துகொள்ளலாம் என்ற மூன்று கேள்விகள் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்கட்டும். அதைக் கல்லூரி மாணாக்கர் முன்னிலையில் வாசிக்கச் செய்யட்டும். செலவுக்குக் கடைசிப் பைசா வரை கணக்குக் கேட்கட்டும். வழி அடைபட்டது என்று உண்மையாக எழுதியவனுக்கு அடுத்த ஆண்டும் கொடுக்க மறுக்காதிருக்கட்டும். மக்களின் கட்டணத்தால் நடக்கும் ஒரு கல்வி நிறுவனம் இதைச் செய்யும்போது, அது பிள்ளைகளுக்குத் தன் வகுப்பறைகளில் கற்பிக்கக்கூடிய மிக உயர்ந்த பாடத்தைத் தன் நடத்தையாலேயே கற்பித்துவிடுகிறது: அறியாததை அறியேன் என்று சொல்வது இழிவன்று, அறிந்ததாக நடிப்பதே இழிவு. பொய் சொல்லாமல் தேடுவதற்கு ஒருவனுக்கு இடம் கொடுப்பதைவிட மேலான வித்தியாதானம் இருக்க முடியாது என்பது என் திடமான நம்பிக்கை.